பதினெட்டு நாள் நிலுவை: எகிப்தில் எட்டு நாட்கள்

முதல் நாள், கீசா

முப்பத்திரண்டு வருடம் கருவூலத்தில் சம்பளப் பில் பார்த்தவள் நான். ஓய்வு பெற்று ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்ததும், "எங்கேயாவது போகலாம்மா, இடத்தைச் சொல்லு" என்றாள் மகள். எகிப்து என்றேன்.

"பிரமிடா?"

"பிரமிடும்தான். ஆனா அங்க ஒரு வருகைப் பதிவேடு எழுதின ஊர் இருக்கு. அதைப் பார்க்கணும்."

துபாயில் வேலை செய்கிறவள். என் கிறுக்கெல்லாம் அவளுக்குப் பழக்கம். ஒன்றும் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டாள்.

இன்று காலை பிரமிடு பார்த்தோம். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சுமார் 23 லட்சம் கற்கள், கட்டி முடித்தபோது 146 மீட்டருக்கு மேல் உயரம். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். கிட்டே போய் நின்றால் கண்ணில் படுவது கீழ் வரிசைக் கல்லும் ஒட்டகக்காரரும்தான். கல்லைக்கூடத் தாண்டிவிடலாம், ஒட்டகக்காரரைத் தாண்ட முடியாது. "ஹிந்த்? அமிதாப் பச்சன்!" என்று ஆரம்பித்து, ஒட்டகத்தின் பெயர், அதன் குணம், அதன் குடும்பம் வரைக்கும் சொல்லி முடித்தார். நாங்கள் ஏறவில்லை. அவருக்கு வருத்தமும் இல்லை, அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்த் திசையை. நைல் இருக்கும் பக்கம். இப்போது அங்கே முழுக்க அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டி, படகில் கல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அப்படி இறக்கிய ஒரு படகுக் குழுவின் தலைவர் பெயர் மெரெர். அவருடைய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில், 2013ல், பியர் தல்லே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு கண்டெடுத்தது. எழுத்து உள்ள பப்பைரஸ் எனும் நாணல் தாள்களில் இதுவரை கிடைத்ததிலேயே பழையது. நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துச் சரக்கு.

பெரிதாக ஒன்றும் எழுதவில்லை மனிதர். 25ஆம் நாள்: கல் வெட்டும் இடமான தென் துராவில் ஆட்களோடு கல் இழுத்தோம், இரவு தென் துராவில். 26ஆம் நாள்: கல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம், இரவு ஷி-குஃபுவில். 27ஆம் நாள்: அக்கெத்-குஃபு வந்து சேர்ந்தோம், இரவு அங்கேயே. அக்கெத்-குஃபு, அதாவது குஃபு மன்னரின் அடிவானம், இந்தப் பிரமிடுதான். கூடவே சாப்பாட்டுக் கணக்கும் கிடைத்திருக்கிறது. பிரமிடு கட்டியது வேற்றுக்கிரகவாசிதான் என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். மெரெரோ, ஏற்றினோம், இறக்கினோம், இங்கே தூங்கினோம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நானும் அவர் மாதிரியே எழுதப் போகிறேன். பகல்: கீசா. இரவு: கீசா.

இரண்டாம் நாள், கெய்ரோ

கீசாவில் புதிதாகக் கட்டிய பெரிய அருங்காட்சியகம். நுழைந்ததும் 11 மீட்டர் உயரத்தில் இரண்டாம் ராம்செஸ் நிற்கிறார். கெய்ரோ ரயில் நிலையத்து வாசலில் ஐம்பது வருடம் புகை குடித்துக்கொண்டு நின்ற அதே சிலை. 2006ல்தான் அங்கிருந்து கிளப்பினார்களாம். இங்கே குளிர்சாதன வசதி.

துத்தன்காமுன் கூடங்களில் கூட்டம் நெரிந்தது. 1922ல் கார்ட்டர் திறந்த கல்லறையிலிருந்து ஐயாயிரத்துக்கும் அதிகமான பொருட்கள். தங்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கட்டத்தில் கண் மரத்துப்போகிறது. ஒரு சிறு பொருளிடம் மட்டும் நான் வெகுநேரம் நின்றேன். எழுத்தர் பலகை: கைக்கு அடக்கமான நீளக் கட்டை, நடுவில் நாணல் பேனா செருக ஒரு பள்ளம், மேலே இரண்டு குழி. ஒன்றில் கரி மை, இன்னொன்றில் காவி மை. கறுப்பில் எழுதி, தலைப்பையும் முக்கியமான இடத்தையும் சிவப்பில் எழுதுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அதேதான். சிவப்பு மையை மேலதிகாரி தவிர யாரும் தொடக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்த மாதிரி நடந்துகொண்டோம்.

மதியம் கொஷாரி. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் எப்படி இருக்குமோ என்று பயந்தேன். நன்றாகவே இருந்தது. பூண்டு வினிகர் விடுகிறார்கள், அதுதான் ருசியே.

இரவு லக்சருக்கு ரயில். நாலு மணி நேரம் தாமதம். அறிவிப்பு அரபியில் மட்டும். எதிர் பெஞ்சு அம்மாள் எங்களைப் பார்த்து "மாலேஷ்" என்றார். பரவாயில்லை, விடு, மன்னித்துக்கொள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று நாலு அர்த்தத்துக்கும் அந்த ஒரு சொல்தான். கையில் வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், லக்சர்

தூக்கம் இல்லை. கர்னாக் கோயிலில் 134 தூண்கள் உள்ள மண்டபம். நம் ஆயிரங்கால் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கே அங்கே கழுத்து வலித்தது. மீதி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

மாலை உள்ளூர்க்காரர்கள் போகும் பொதுப் படகில் நைலைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்துவிட்டோம். கிழக்கே வாழ்கிறவர்களின் ஊர், மேற்கே சூரியன் சாய்கிற பக்கம் செத்தவர்களின் ஊர். பழைய எகிப்தியர் கணக்கு அது. இப்போது மேற்கில்தான் கரும்பு வயலும் கோழிச் சத்தமும். கரையோரப் பச்சை சட்டென்று ஒரு கோட்டில் முடிந்து அடுத்த அடியில் பாலைவனம் தொடங்குகிறது. ஒரு காலை வயலிலும் ஒரு காலை மணலிலும் வைத்து மகள் படம் எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள், அரசர் பள்ளத்தாக்கு

ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை. எது எது என்று நாம் தேர்ந்துகொள்ளலாம். நான் முதலில் போனது நாலாம் ராம்செஸ் கல்லறைக்கு. காரணம், இந்தக் கல்லறையின் வரைபடமே ஒரு பப்பைரஸில் கிடைத்து, இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறை அறையாக அளவு குறித்த அலுவலக நகல். சரிவான தாழ்வாரத்தில் இறங்கும்போது, நில அளவைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது.

உள்ளே சுவர் முழுக்கப் பாதாள உலகத்து நூல்கள். கூரையில் வானத்துத் தேவி நூத், இரண்டு உடலாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, காலையில் பெற்றெடுப்பவள். வண்ணம் அப்படியே இருக்கிறது.

என் கேள்வி வேறு: இந்த இருட்டில் எந்த வெளிச்சத்தில் வரைந்தார்கள்? விளக்குத் திரியில். பழைய துணியைக் கிழித்து முறுக்கிக் கொழுப்பில் தோய்த்த திரிகள். ஒரு நாளைக்கு எத்தனை திரி கொடுத்தோம், எத்தனை தீர்ந்தது என்று கணக்கு எழுதிய கற்சில்லுகள் கிடைத்திருக்கின்றன. செம்பு உளிகளையும் எடைபோட்டுக் கொடுத்து, எடைபோட்டுத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். செம்புக்கு விலை அதிகம், யாரும் கொஞ்சம் உடைத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விடக்கூடாது. இருப்புப் பதிவேடு என்று நான் சொல்ல, மகள் "அம்மா, நீ லீவுல இருக்கே" என்றாள்.

பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறி மறுபக்கம் இறங்கினால் தொழிலாளர் கிராமம். அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் எட்டு நாள் இந்தப் பக்கம் வேலை செய்வார்கள், இரவில் மலை உச்சிக் குடிசைகளில் தூங்குவார்கள், இரண்டு நாள் விடுமுறைக்கு வீடு போவார்கள். பத்து நாளுக்கு ஒரு வாரம். அந்தப் பாதையில் மகள் மட்டும் நடந்தாள். என் முழங்கால் டாக்சியில் வந்தது.

ஐந்தாம் நாள், தேர் எல் மதீனா

வந்த காரியம் இதுதான்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே, தண்ணீர் இல்லாத ஒரு பள்ளத்தில், இடுப்பளவு சுவர்களாக ஒரு ஊர். நடுவில் ஒரே தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், மதிலுக்குள் எழுபதுக்குக் கிட்டத்தட்ட. அரசர்களின் கல்லறையைக் குடைந்தவர்கள், பூசியவர்கள், வரைந்தவர்கள், அவர்கள் குடும்பங்கள் எல்லோரும் சுமார் நானூறு வருடம் இங்கே வாழ்ந்தார்கள். ஊரின் பெயர் செத்-மாஆத், உண்மையின் இடம்.

காவலர் ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். குறுகலாக நீளும் வீடு. முன்னறை, அதில் செங்கல் மேடை. அடுத்த அறையில் நடுத்தூண் நின்ற கல். அப்புறம் ஒரு சிறு அறை, கடைசியில் சமையலறை, மொட்டை மாடிக்குப் படி, தரைக்குக் கீழே தானியம் வைக்கும் பள்ளம். தெருவாசலில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் கேட்கும். பக்கத்து வீட்டுச் சண்டையும் கேட்கும். சண்டைக்கும் குறைவில்லை: வாடகைக்கு வாங்கிய கழுதை செத்துப்போனது, கொடுத்த கொழுப்புப் பானைக்கு விலை வரவில்லை என்று நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன.

எப்படி இவ்வளவு தெரியும்? இந்த ஊரில் எழுத்துத் தெரிந்தவர்கள் அதிகம். பப்பைரஸ் விலை கூடுதல். ஆனால் கல்லறை குடைகிற ஊரில் சுண்ணாம்புக்கல் சில்லுக்கா பஞ்சம்? கையில் கிடைத்த சில்லில் எழுதி, வேலை முடிந்ததும் எறிந்துவிட்டார்கள். ஊருக்கு வடக்கே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது, ஐம்பது மீட்டர் ஆழம். பிற்காலத்தில் யாரோ தண்ணீருக்காகத் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை. பிறகு குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். 1922 முதல் முப்பது வருடம் இங்கே தோண்டிய பெர்னார் புருயேர், அந்தக் குப்பையிலிருந்து எடுத்த எழுத்துச் சில்லுகள் ஐயாயிரம். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். என் மனசு கொஞ்சம் தட்டாமாலை சுற்றியது. பள்ளம் ஆழம் என்பதால் மட்டும் இல்லை.

நான் சொன்ன வருகைப் பதிவேடும் அப்படியொரு சில்லுதான். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1250 வாக்கு. நாற்பது பேர் பெயர்கள் வலது ஓரத்தில். ஒவ்வொருவருக்கும் எதிரே வராத நாட்கள் கறுப்பு மையில். ஒவ்வொரு தேதிக்கும் மேலே காரணம், சிவப்பு மையில். உடம்பு சரியில்லை. கண் நோய். தேள் கொட்டிவிட்டது. தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். வீட்டில் பெண்ணுக்கு விலக்கு. பீர் காய்ச்சுகிறார்.

"பீர் காய்ச்ச லீவா!" என்றாள் மகள்.

"திருவிழாவுக்குடி. அதுவும் சாமி காரியம்."

என் பணிக்காலத்தில் நான் படித்த விடுப்பு விண்ணப்பங்களில் பாட்டி செத்தவர்கள் கணக்கு தனி. ஒரே பாட்டி மூன்று முறை செத்தும் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தப் பேச்சே இல்லை. எழுத்தர் கேட்டார், சொன்னார்கள், சிவப்பில் எழுதினார், முடிந்தது.

இங்கே மூன்று கல்லறைகள் திறந்திருந்தன. இவை தொழிலாளர்கள் தங்களுக்காக விடுமுறை நாட்களில் கட்டிக்கொண்டவை. செங்குத்தான படி, குனிந்து நுழையும் வாசல். முழங்காலைச் சமாதானப்படுத்தி செனெஜெமின் கல்லறைக்குள் இறங்கினேன். 1886ல் யாரும் தொடாமல் அப்படியே கிடைத்தது. சுவரில் மனிதரும் மனைவி இய்நெஃபெர்தியும் மறு உலகத்து வயலில் அறுவடை செய்கிறார்கள். அவர் கதிர் அறுக்க, அவள் பின்னால் கூடையோடு. இருவருக்கும் வெள்ளைவெளேரென்ற விழா உடுப்பு. சேற்றில் இறங்குகிற ஆடையா அது? ஆனால் வாழ்நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தூசியில் இருந்தவருக்கு மறு உலகமாவது சலவை உடுப்போடு இருக்கட்டும் என்று தோன்றியிருக்கும். துணி துவைக்க அரசே ஆள் போட்டிருந்தது இந்த ஊருக்கு. தண்ணீர்தான் கீழேயிருந்து கழுதையில் வரவேண்டும். பக்கத்துக் கல்லறையில் பஷெது ஒரு பனைமரத்தடியில் குப்புறக் குனிந்து நீர் குடிக்கிறார். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர் வரைந்த சொர்க்கம்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் இந்த ஊரை விட்டுப் போக முடியாது. கென்ஹெர்கெப்செஃப் என்ற எழுத்தர்: கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று ஆய்வாளர்களே அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டில் நல்ல நூலகம், அதில் கனவுக்குப் பலன் சொல்லும் ஏடு ஒன்றும் உண்டு. பெரிய பூனையைக் கனவில் கண்டால் நல்ல விளைச்சல். ஆழக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சிறை. (பெரும் பள்ளத்தை எட்டிப் பார்த்ததற்கு என்ன பலனோ.) அவருடைய இளம் மனைவி நௌனக்தே. அவர் போன பிறகு வேறொருவரை மணந்து, எட்டுப் பிள்ளைகள் பெற்று வளர்த்தாள். கி.மு. 1145 வாக்கில் ஊர் மன்றத்தின் முன் நின்று சொன்னதை எழுதிவைத்திருக்கிறார்கள்: இந்த எட்டுப் பேரையும் நான்தான் வளர்த்தேன், வீடு கட்டும்போது கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தேன், இப்போது நான் கிழவி, என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு என் சொத்து, பார்க்காதவர்களுக்கு இல்லை. ஒரு மகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம்.

இதை நான் தெருவில் நின்று சொன்னதும் மகள் சிரிக்கவில்லை. "உனக்கு மாத்திரை போட நேரமாச்சு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஆறாம் நாள், ராம்செஸ்ஸியம், மெதினத் ஹாபு

இன்று சம்பளப் பிரச்சினை.

இந்த ஊருக்குச் சம்பளம் தானியத்தில். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 கர் கோதுமை, ஒன்றரைக் கர் வாற்கோதுமை. கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. ஒரு கர் சுமார் 77 லிட்டர். மேஸ்திரிக்கும் எழுத்தருக்கும் ஐந்தரையும் இரண்டும். மீன், காய்கறி, விறகு, பானை தனி. நாணயம் என்று ஒன்று கிடையாது. பாலைவனத்தில் விளைச்சலும் கிடையாது. சேமிப்புக் கிடங்கிலிருந்து மூட்டை வரவில்லை என்றால் அடுப்பு எரியாது.

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில், மூட்டை வரவில்லை. தொழிலாளர்கள் ஐந்து காவல் மதில்களையும் தாண்டி வெளியே வந்து ஒரு கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். "பசிக்கிறது, இந்த மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்றார்கள். அடுத்த நாள் இரண்டாம் ராம்செஸ் கோயில் வாசல், அதாவது இன்று நான் நிற்கும் ராம்செஸ்ஸியம். அதற்கடுத்து உள்ளேயே போய்விட்டார்கள். அதிகாரிகள் வந்து கேட்டபோது சொன்ன பதில் ஏட்டில் இருக்கிறது: பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. மன்னருக்கு எழுதுங்கள், அமைச்சருக்கும் எழுதுங்கள்.

உலகத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். எழுதிவைத்தவர் கல்லறை எழுத்தர் அமென்னக்த், இபுயின் மகன். அவரும் அதே சம்பளப் பட்டியலில் இருந்தவர்தான்.

ராம்செஸ்ஸியத்தில் எல்லோரும் விழுந்து கிடக்கும் பெரிய கருங்கல் சிலையைப் படம் எடுக்கிறார்கள். நான் பின்பக்கம் போனேன். மண்செங்கல்லில் வரிசை வரிசையாக, வளைந்த கூரையோடு சேமிப்புக் கிடங்குகள். மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் வளைவுகள் பல நிற்கின்றன. உள்ளே போய்ப் பத்து எட்டு நடந்தேன், குளுகுளுவென்று இருந்தது. பசியோடு வந்தவர்கள் உட்கார்ந்தது சும்மா ஒரு கோயிலில் இல்லை. தானியம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நிலுவை வந்தது. பிறகு மறுபடி நின்றது, மறுபடி வெளிநடப்பு. ஒரு முறை அந்தப் பக்கம் போன நகரத் தலைவரைப் பார்த்துக் கத்தினார்கள். சம்பளம் வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று 50 மூட்டை கோதுமை கொடுத்தனுப்பினார் அவர். அது ராம்செஸ்ஸியத்துக் காணிக்கையிலிருந்து எடுத்தது, பெரிய குற்றம் என்று அப்புறம் அவர் மேல் புகார் போனது. இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு தலைப்புக்கு ஒதுக்கியதை எடுத்து இன்னொரு தலைப்பில் செலவு செய்தால் தணிக்கையில் மாட்டுவாய் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பசிக்கிறவனுக்குக் கொடுத்தாலும் தணிக்கை தணிக்கைதான். ஆனால் அந்த நகரத் தலைவர் பக்கம்தான் நான்.

மாலை மெதினத் ஹாபு, மூன்றாம் ராம்செஸ் தனக்குக் கட்டிக்கொண்ட கோயில். எழுத்துகளை அவ்வளவு ஆழமாக வெட்டவைத்திருக்கிறார், என் உள்ளங்கை உள்ளே போகிறது. பின்னால் வருகிறவன் அழித்துத் தன் பெயரை வெட்டிவிடக்கூடாது என்ற பயமாக இருக்கும். புறா கூடு கட்டியிருக்கிறது. ஒரு சுவரில் போர்க்களம். மன்னருக்கு முன்னால் வெட்டிய கைகளைக் குவியலாகக் கொட்டுகிறார்கள். பக்கத்தில் எழுத்தர்கள் குனிந்து எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்தையும் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை அந்த முகத்தில். அது எனக்குப் பழக்கமான முகம்.

இந்த மன்னரின் முடிவும் நன்றாக இல்லை. அந்தப்புரத்துச் சதி. மம்மியை ஸ்கேன் செய்து, கழுத்து எலும்புவரை அறுபட்டிருப்பதை 2012ல் வெளியிட்டார்கள்.

ஏழாம் நாள், வாதி ஹம்மாமத்

லக்சரிலிருந்து வடக்கே குஃப்த் வரை ஆற்றோரம், அப்புறம் கிழக்கே திரும்பி மலைகளுக்கு நடுவில் செங்கடல்வரை ஒரே சாலை. சோதனைச் சாவடிகளில் ஓட்டுநர் தாள்களை நீட்டுவார், காவலர் உள்ளே எட்டிப் பார்ப்பார், "ஹிந்த்?", போகச் சொல்வார். ஒரு இடத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள், பாதி குவளை சர்க்கரை.

இந்த வழியில் வந்ததற்குக் காரணமும் அமென்னக்த்தான். துரினில் ஒரு வரைபடம் இருக்கிறது: சாலைகள், தங்கச் சுரங்கத்துக்காரர் வீடுகள், கிணறு, அமுன் கோயில், இரண்டு நிறத்தில் மலைகள். நாலாம் ராம்செஸ் காலத்தில் இங்கே கல் வெட்ட ஆள் அனுப்பியபோது வரைந்தது. வரைந்தது அவர் கை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு மலைக்குக் கறுப்பு, இன்னொன்றுக்கு இளஞ்சிவப்பு. அழகுக்கு இல்லை. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஒரு பக்கம் கருத்த மலை, சற்றுத் தள்ளி ரோஜா நிற மலை. அப்படியேதான் இருக்கிறது. தலைப்புக்கும் தேதிக்கும் எடுக்கிற மை இரண்டையும் வைத்து மலையையும் எழுதியிருக்கிறார் மனிதர்.

பாறையில் ஏகப்பட்ட கல்வெட்டுகள். நாலாம் ராம்செஸ் அனுப்பிய கூட்டத்தின் கணக்கும் இங்கே உண்டு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பதவிவாரியாகப் பட்டியல். கடைசியில், செத்தவர்கள் 900. விரல் வைத்துப் படிக்கத் தெரியாது எனக்கு, ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று மகள் கேட்கவில்லை.

அதைவிட எண்ணூறு வருடம் பழைய கல்வெட்டு ஒன்று. மன்னரின் சவப்பெட்டிக்கு மூடி தேடி அமைச்சர் அமெனெம்ஹத் வந்திருக்கிறார். சினையாக இருந்த மான் ஒன்று ஆட்களைப் பார்த்தபடியே ஓடிவந்து ஒரு பாறைமேல் ஏறிக் குட்டி போட்டது. அற்புதம், இந்தக் கல்தான் என்று முடிவு செய்தார்கள். மானுக்கு என்ன மரியாதை செய்தார்கள் தெரியுமா? கழுத்தை அறுத்துப் பலி கொடுத்தார்கள். கல்வெட்டில் பெருமையாக இருக்கிறது.

இருட்டும் நேரம் கடல் தெரிந்தது. பகல்: சாலை. இரவு: குசேர்.

எட்டாம் நாள், குசேர்

சின்ன ஊர். நடுவில் துருக்கியர் கட்டிய கோட்டை, மீன் பொரிக்கும் வாசனை. ஊருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் பழைய குசேர். ரோமர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறைமுகம். இங்கிருந்து வருடத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாகப் பழைய கிரேக்க ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். நாங்கள் நேற்று அரை நாளில் கடந்த பாலைவனத்தை ஒட்டகத்தில் ஆறேழு நாள் கடந்து வருவார்களாம். முசிறியில் ஏற்றிய சரக்கை இந்தப் பாலைவனம் வழியாக குஃப்துக்குக் கொண்டுசேர்ப்பது பற்றி ஒரு ஒப்பந்தமே வியன்னாவில் இருக்கிறது. கப்பலின் பெயர்கூட அதில் உண்டு, ஹெர்மாபொலோன்.

பார்க்க ஒன்றுமில்லை. உப்புப் பூத்த மேடு, சதுரம் சதுரமாகத் தோண்டி மூடிய அடையாளம், பக்கத்திலேயே சொகுசு ஓட்டல்கள். பானை ஓடுகள் கால் வைக்கும் இடமெல்லாம். தொடக்கூடாது என்று தெரியும், தொடவில்லை.

இங்கே தோண்டியபோது கிடைத்த ஓடுகளில் மூன்றில் தமிழ் பிராமி. இரண்டில் ஆள் பெயர்: கணன், சாதன். மூன்றாவது, இந்தியாவில் செய்த பெரிய சேமிப்புப் பானையின் உடைந்த துண்டு. கி.மு. முதல் நூற்றாண்டு. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார்: "பானை ஒறி".

உறிதான். எங்கள் பாட்டி வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே தொங்கிய உறியில் மோர்ப்பானை இருக்கும். எட்டாத உயரம். முக்காலி போட்டு ஏறி, பானை சாய்ந்து தலையில் மோரோடு நான் நின்ற கதையை மகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்று நூற்றொன்று.

"பானையில 'பானை'ன்னு எதுக்கும்மா எழுதணும்?" என்றாள்.

கேள்வி சரிதான். ஊருக்கெல்லாம் தெரிந்த பொருளில் அதன் பெயரை எழுதுகிறவர் யார்? கப்பலில் நூறு பானை இருக்கும். உறியில் தொங்கவேண்டியது இது, கீழே வைத்துவிடாதே என்று யாருக்கோ சொல்லியிருக்கலாம். என் ஊகம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: அந்தப் பானையில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது, ஒரே வாசகம்.

"பார்த்தியா, நகல் வெச்சிருக்கார்" என்றேன்.

சாயங்காலம் கரையோரக் கடையில் மீனும் ரொட்டியும். பில்லை மகள் வாங்கிப் பார்ப்பதற்குள் நான் வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு பவுண்டு கூடுதலாகப் போட்டிருந்தார். சொன்னேன். "மாலேஷ்" என்று திருத்திக் கொடுத்தார்.

பகல்: குசேர். இரவு: குசேர்.